மாடி வீட்டில் தீ: வாடகை ஒப்பந்தமும் காப்பீட்டு க்ளெய்மும் முட்டிக்கொண்ட ஒரு கோப்பு

வாடகை வீட்டில் தீப்பிடித்தால் உரிமையாளர் கையில் ஒரே நேரத்தில் மூன்று கணக்குகள் வந்து விழுகின்றன. வாடகைதாரரோடு ஒன்று, காப்பீட்டு நிறுவனத்தோடு ஒன்று, கட்டடத்தோடு ஒன்று. ஒன்றில் எழுதிய வரி இன்னொன்றைக் கெடுக்கும். அப்படிக் கெடும் இடங்களைக் காட்டவே இந்த ஆய்வு. இதில் வரும் வீடும் ஆட்களும் தொகைகளும், இத்தகைய கோப்புகளில் அடிக்கடி தலைகாட்டும் சிக்கல்களைச் சேர்த்து அமைத்த மாதிரி. சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் பாலிசி விதிகளும் உள்ளவை உள்ளபடியே.

வீடும் ஒப்பந்தமும்

சென்னைப் புறநகரில் கீழ்தளம், மேல்தளம் என இரண்டு வீடுகள் கொண்ட தனிக் கட்டடம். கார்ப்பெட் ஏரியா (சுவர் நீங்கிய உள்பரப்பு) மொத்தம் 1,600 சதுர அடி. கீழே உரிமையாளர் குடியிருக்கிறார். மேலே வாடகைக்கு ஒரு குடும்பம். மாத வாடகை ரூ. 18,000, அட்வான்ஸ் ரூ. 54,000. ஸ்டாம்ப் பேப்பரில் 11 மாத ஒப்பந்தம். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, 11 மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். '11 மாதம் போட்டால் பதிவு வேண்டாம்' என்ற பழைய நம்பிக்கை இன்னும் பலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரச்சினை வந்து அதிகாரியின் மேசைக்குப் போகும்போதுதான் பதிவில்லாத காகிதத்தின் பலவீனம் தெரியும்.

வீட்டின் மேல் வங்கிக் கடன் பாக்கி இருந்தது. கடன் கொடுக்கும்போதே வங்கி எடுக்க வைத்த, வீடுகளுக்கான காப்பீடான 'பாரத் கிருஹ ரக்‌ஷா' பாலிசி உயிரோடு இருந்தது. கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகை, சதுர அடிக்கு ரூ. 2,200 கட்டுமானச் செலவு என்ற கணக்கில் ரூ. 35,20,000. நிலத்தின் விலை இதில் சேராது. எரிவது கட்டடம்தான், மனை அல்ல. சந்தை விலைக்குக் காப்பீடு எடுத்துப் பிரீமியத்தை வீணாக்குபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

ஓர் இரவு மேல்வீட்டின் படுக்கையறையில், ஏசி செருகியிருந்த சாக்கெட் பக்கம் தீ பிடித்தது. யாருக்கும் காயமில்லை. தீயணைப்புத் துறை வந்து அணைத்தது. படுக்கையறை முழுக்கப் போயிற்று. ஹாலும் சமையலறையும் கரி படிந்தன. பீய்ச்சிய தண்ணீர் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரை ஊறிப் பூச்சு உப்பியது.

முதல் இரண்டு நாள்: என்ன செய்தார்கள், எதைத் தொடவில்லை

முதல் வேலை மின்சாரம். மெயின் சுவிட்சை இறக்கினால் மட்டும் போதாது. மீட்டருக்கு முந்தைய பகுதி உயிரோடுதான் இருக்கும். மின்வாரியத்திடம் சொல்லிக் கம்பத்திலேயே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கீழ்வீட்டுக்குத் தனி சர்வீஸ் என்றாலும் அதையும் நிறுத்தினார்கள். கூரைக்குள் மின்கம்பிகளைத் தாங்கி ஓடும் கான்டியூட் குழாய்களில் தண்ணீர் இறங்கியிருந்தால் கீழ்வீட்டு ஃபேன் பாயின்ட்டே ஷாக் அடிக்கும். மேல்வீட்டு கேஸ் சிலிண்டரை வெளியே எடுத்து வைத்தார்கள்.

இரண்டாவது, காகிதம். காவல் நிலையத்தில் தகவல் கொடுத்து, அது பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினார்கள். தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்து அறிக்கைக்கு மனு கொடுத்தார்கள். இந்த இரண்டிலும் கதவு எண், உரிமையாளர் பெயர், தீ பிடித்த நேரம் மூன்றும் பாலிசியோடும் ஒன்றோடொன்றும் ஒத்துப்போக வேண்டும். பழைய கதவு எண் ஒன்றில், புதிய எண் இன்னொன்றில் என்று வந்தாலே சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயரிடமிருந்து ஒரு கேள்வி கூடும்.

மூன்றாவது, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல். தொலைபேசியில் சொல்லி க்ளெய்ம் எண் வாங்கி, அன்றே மின்னஞ்சலும் அனுப்பினார்கள். அதில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: இந்தத் தேதியில், இந்த நேரத்தில், மேல்தளத்தில் தீ ஏற்பட்டது, தீயணைப்புத் துறை அணைத்தது, காரணம் ஆய்வில் தெரியவேண்டும், மேலும் சேதமாகாமல் தற்காலிக ஏற்பாடு செய்கிறோம். 'வாடகைக்காரர் ஏசியால் ஷார்ட் சர்க்யூட்' என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுகிறவர்கள் அதிகம். பின்னால் வயரிங்தான் காரணம் என்று தெரியவந்தால், அந்த வரி வாடகைதாரரின் வக்கீலுக்கும் சர்வேயருக்கும் இலவசமாகக் கிடைத்த ஆயுதம்.

நான்காவது, இடத்தைப் பத்திரப்படுத்துவது. தார்ப்பாய் கட்டி, தண்ணீரைத் துடைத்து வெளியேற்றினார்கள். சேதம் பெருகாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமை, அதற்காகச் சர்வேயருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இடிப்பதும் அள்ளிக் கொட்டுவதும் அவர் பார்க்கும்வரை கூடாது. அறைக்கு அறை வாசலில் நின்று ஒரு அகலப் படம், பிறகு நெருக்கப் படங்கள். டிஸ்ட்ரிபியூஷன் போர்டில், மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்சான எம்.சி.பி. ஒவ்வொன்றின் எண்ணும் படிக்கும்படி ஒரு படம். கரிந்த சாக்கெட்டையும் எம்.சி.பி.-யையும் எலக்ட்ரீஷியன் கழற்றிப் போட இருந்தார், தடுத்தார்கள். கோப்பின் பாதி அந்த இரண்டு துண்டுகளில்தான் இருந்தது.

வாடகைதாரரின் எரிந்த பொருள்களையும் உரிமையாளர் தன்னிச்சையாக அகற்றக் கூடாது. இருவரும் சேர்ந்து பட்டியல் எழுதி, படம் எடுத்து, கையெழுத்துப் போட்ட பிறகே அகற்றினார்கள். அவை உரிமையாளரின் பாலிசியில் வராது. வாடகைதாரர் தன் பொருள்களுக்கு மட்டும் தனியாக இதே பாலிசியை எடுத்திருக்க முடியும். எடுக்கவில்லை.

சாக்கெட்டும் எம்.சி.பி.-யும் சொன்னது

படுக்கையறையும் அதையொட்டிய குளியலறையும் ஒரே சர்க்யூட்டில் இருந்தன. கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரம். குளியலறையில் உரிமையாளர் பொருத்திய 2 கிலோவாட் கீசர். அது இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர். வாடகைதாரர் கொண்டுவந்த 1.5 டன் ஏசி, ஓட்டத்தில் 7 முதல் 8 ஆம்பியர். இரண்டும் சேர்ந்தால் 16-ஐத் தொடும். கான்டியூட்டுக்குள் ஓடும் 1.5 கம்பி சுமார் 14 ஆம்பியருக்குத்தான் தாங்கும். இந்தக் கம்பிக்குப் பொருத்தமான எம்.சி.பி. 10 ஆம்பியர். போர்டில் இருந்ததோ 32.

எப்படி நடந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. ஏசியும் கீசரும் சேர்ந்து ஓடும்போதெல்லாம் பழைய 10 ஆம்பியர் எம்.சி.பி. விழுந்திருக்கும். யாரோ ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட, அவர் 'பெரிசா போட்டுடறேன்' என்று 32-ஐ மாட்டியிருக்கிறார். விழுவது நின்றது. கம்பியைக் காக்க வேண்டிய காவல் போய்விட்டது. 70 டிகிரி செல்சியஸுக்கு மதிப்பிடப்பட்ட பி.வி.சி. உறை தினமும் அதற்கு மேல் வெந்து உலர்ந்து நொறுங்கியது. இதில் 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருந்தாலும் காப்பாற்றியிருக்காது என்பதைக் கவனிக்க வேண்டும். எம்.சி.பி. தன் அளவைப்போல 1.13 மடங்கு மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் விழாமல் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. 16-க்கு அது 18 ஆம்பியர்.

சாக்கெட்டின் உள்ளே ஒரு திருகு தளர்ந்து, பித்தளைத் துண்டு கருநீலமாக நிறம் மாறியிருந்தது. தளர்ந்த இணைப்பில் வரும் சூட்டை எந்த எம்.சி.பி.-யும் உணராது. மின்னோட்டம் கூடுவதில்லை, இணைப்பில் தடை மட்டும் கூடுகிறது. கம்பி நுனியில் உருண்டையாக உருகிய தாமிர மணிகள் இருந்தன. அதைக் காட்டி 'ஷார்ட் சர்க்யூட்தான் காரணம்' என்று முடித்துவிடுவது வழக்கம். தீ வந்து உறையை எரித்த பிறகும் அதே மணிகள் உருவாகும். மணி இருந்தால் அங்கே மின்பொறி பாய்ந்தது என்று மட்டும் பொருள்.

எம்.சி.பி.-யை மாற்றியது யார்? 'நாங்க வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு சார்' என்றார் வாடகைதாரர். குடிவந்த நாளில் எழுதிய நிலைப் பட்டியலும் இல்லை, போர்டின் படமும் இல்லை. இந்தக் கேள்விக்கு இந்தக் கோப்பில் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை.

மேலே சொன்ன மாநில வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி வயரிங் பராமரிப்பு உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், சாக்கெட் பழுது வாடகைதாரர் பொறுப்பு. தீ பிடித்தது இரண்டும் சேரும் இடத்தில். சட்டம் கோடு போட்ட இடத்திலேயே போய் எரிந்ததென்றால் அதற்கு என்ன செய்ய.

க்ளெய்ம்

காரணம் தெரியாவிட்டால் பணம் வராதோ என்ற பயம் உரிமையாளருக்கு இருந்தது. தேவையில்லாத பயம். காப்பீடு செய்தவரே தீ வைக்காதவரை, தீயின் துல்லியமான காரணம் ஷார்ட் சர்க்யூட்டா வேறா என்பது க்ளெய்முக்குப் பொருட்டல்ல என்று கனரா வங்கி - யுனைடெட் இந்தியா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாடகைதாரரின் கவனக்குறைவும் உரிமையாளரின் க்ளெய்மைத் தட்டாது.

மின்சாதன விலக்கு ஒன்று பாலிசியில் உண்டு: அதிகச் சுமை, ஷார்ட் சர்க்யூட், தானாகச் சூடாதல் ஆகியவற்றால் ஒரு மின்சாதனமே கெட்டால், அந்தச் சாதனத்துக்கு மட்டும் பணம் இல்லை. அதிலிருந்து பரவிய தீயின் சேதத்துக்கு உண்டு. இந்த வரியைப் பாதி படித்துவிட்டு 'ஷார்ட் சர்க்யூட்டுக்குக் கிடைக்காதாம்' என்று க்ளெய்மே போடாமல் விட்டவர்களும் உண்டு.

சர்வேயர் எழுப்பிய முதல் கேள்வி வேறு. பாலிசி எடுக்கும்போது நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தில் 'சொந்தக் குடியிருப்பு' என்று இருந்தது, மேல்தளம் வாடகைக்கு விட்டது எங்கும் இல்லை. இரண்டு தளமும் குடியிருப்பாகவே இருந்ததால் ஒரு விளக்கக் கடிதத்தோடு இது கடந்தது. மேலே தையல் யூனிட்டோ, பார்சல் சாப்பாட்டுச் சமையலோ, பொருள் கிடங்கோ நடந்திருந்தால் கதை வேறு. குடியிருப்புக்கான பாலிசி அதைத் தாங்காது. சிறு தொழில் இடத்துக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்‌ஷா' போன்ற வேறு பாலிசி வேண்டும்.

பொறியாளர் தயாரித்த மதிப்பீடு: கான்கிரீட் பழுது ரூ. 95,000, பூச்சும் பெயின்ட்டும் ரூ. 1,60,000 (இதில் ரூ. 40,000 கீழ்வீட்டுக் கூரைக்கு), வயரிங், போர்டு ரூ. 1,35,000, கதவு, ஜன்னல், சுவரில் பதித்த அலமாரி ரூ. 1,70,000, தரை டைல்ஸ் ரூ. 60,000. மொத்தம் ரூ. 6,20,000. சுவரோடு நிரந்தரமாகப் பொருத்திய அலமாரி கட்டடத்தில் சேரும், இழுத்து நகர்த்தக்கூடியது சேராது. கட்டடத்துக்கு மட்டும் பாலிசி வைத்திருப்பவர்கள் மதிப்பீட்டைத் தயாரிக்கும்போதே இந்தப் பிரிவைச் சரியாகப் போட்டுவிட வேண்டும்.

சர்வேயரின் முதல் கணக்கில் மூன்று வெட்டுகள். கீழ்வீட்டுக் கூரை 'தீயில் பாதிக்கப்படவில்லை' என்று ரூ. 40,000, பெயின்ட், மரவேலைக்குத் தேய்மானம் என்று ரூ. 64,000, ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனி சர்க்யூட் புதிதாக இழுப்பது 'மேம்பாடு' என்று ரூ. 35,000. முதல் இரண்டுக்கும் எழுத்தில் பதில் போனது. தீயை அணைத்த தண்ணீரால் வந்த சேதமும் தீச்சேதமே. ஊறிய கூரையின் தேதியிட்ட படங்கள் இணைப்பாகச் சென்றன. இந்தப் பாலிசியில் கட்டடம் பழைய நிலைக்குச் சீரமைக்கும் செலவின் அடிப்படையில் மதிப்பிடப்படுவதால் தேய்மானம் கழிக்க இடமில்லை. வெட்டிய இரண்டு தொகையும் திரும்பச் சேர்க்கப்பட்டன. மூன்றாவது வெட்டு நியாயமானது, அதோடு வாதாடவில்லை. சர்வேயர் அறிக்கை முக்கியமான ஆவணம்தான், ஆனால் அதுவே இறுதித் தீர்ப்பல்ல என்று நியூ இந்தியா - பிரதீப் குமார் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்தார்கள். அதற்குமேல் சட்டம் பேசத் தேவைப்படவில்லை, படங்களே பேசின.

மேம்பாட்டையும் எரிந்த அலுமினியம், இரும்பின் ஸ்கிராப் மதிப்பு ரூ. 12,000-ஐயும் கழித்து ரூ. 5,73,000 நின்றது. இடிபாடு அகற்றப் பாலிசி தருவது க்ளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை: ரூ. 11,460. பில் ரூ. 18,000 வந்திருந்தது, மீதி ரூ. 6,540 கைக்காசு. பொறியாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரை உண்டு, பில் ரூ. 22,000 அதற்குள் அடங்கியது. நான்கு மாத வாடகை இழப்பு ரூ. 72,000. ஆக மொத்தம் ரூ. 6,78,460.

இதே சேதம் பழைய வகைத் தீப் பாலிசியில், 35.2 லட்சம் மதிப்புள்ள கட்டடத்துக்கு 20 லட்சம் மட்டும் எடுத்து நடந்திருந்தால், மதிப்பைவிடக் காப்பீடு எவ்வளவு குறைவோ அதே விகிதத்தில் இழப்பீட்டையும் குறைக்கும் குறைக்காப்பீட்டு விகிதம் பாயும். ரூ. 5,73,000-க்கு ரூ. 3,25,568 தான் வரும். பாரத் கிருஹ ரக்‌ஷாவில் அந்த விகிதக் கழிப்பு இல்லை என்பது அதன் பெரிய வசதி.

கால அளவு: 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கைப்படி 24 மணி நேரத்தில் சர்வேயர் நியமனம், 15 நாளில் அறிக்கை, அறிக்கை வந்து 7 நாளில் முடிவு. ஆவணம் கேட்டு மின்னஞ்சல் துண்டு துண்டாக வரும்போது இந்தக் கடிகாரம் நிற்பதுபோல் தோன்றும். தேவையான அத்தனையையும் ஒரே பட்டியலாகக் கேட்டு வாங்கி, ஒரே தடவையில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குவதுதான் மருந்து. முடிவு திருப்தியில்லை என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி. ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ நிராகரித்தாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேன். 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம், கட்டணமில்லை. நிராகரிப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு.

ஒப்பந்தம் முடிந்ததா?

தீப்பிடித்தால் ஒப்பந்தம் தானாகக் காலாவதி என்று இரு தரப்பும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 108(e): தீ போன்றவற்றால் சொத்தின் முக்கியப் பகுதி முழுவதும் அழிந்தாலோ, வாடகைக்கு விட்ட நோக்கத்துக்குக் கணிசமாகவும் நிரந்தரமாகவும் பயனற்றுப் போனாலோ, ஒப்பந்தத்தை ரத்தாக்கும் உரிமை வாடகைதாரருக்கு. உரிமையாளருக்கு அல்ல. அதுவும் சேதம் வாடகைதாரரின் தவறால் வந்திருந்தால் அவருக்கும் அந்த உரிமை கிடையாது. நான்கு மாதத்தில் சரிசெய்யக்கூடிய சேதம் 'நிரந்தரம்' ஆகாது. கட்டடமே இடிந்தாலும் வாடகை உரிமை தானாக முடிவதில்லை என்று ஷாஹா ரத்தன்சி கிம்ஜி வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்தது. ஆகவே தீயைச் சாக்கிட்டுப் பழைய வாடகைதாரரை வெளியேற்றிவிடலாம் என்று கணக்குப் போடுபவர் ஏமாறுவார். மின்சாரத்தை மீண்டும் கொடுக்காமல் இழுத்தடிப்பது அதைவிட மோசம். அத்தியாவசிய வசதியை நிறுத்துவது மாநிலச் சட்டத்தில் தனிக் குற்றச்சாட்டாக வரும். பாதுகாப்புக்காக நிறுத்தியது என்பதற்கு எலக்ட்ரிகல் ஒப்பந்ததாரரின் எழுத்து கையில் இருக்க வேண்டும்.

வாடகை ஓடுமா நிற்குமா என்பதுதான் நுணுக்கம். ஒப்பந்தம் உயிரோடிருந்தால் வாடகைக் கடமையும் உயிரோடிருக்கிறது. அப்படியானால் சர்வேயர் கேட்பார்: 'வாடகை வரவேண்டியதுதானே, இழப்பு எங்கே?' வாடகை இழப்புத் தொகைக்குப் பாலிசி கேட்பது, வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்று கட்டடக் கலைஞரோ உள்ளாட்சி அமைப்போ தரும் சான்று. அந்தச் சான்றை முதல் வாரத்திலேயே வாங்கினார்கள். அதன் பேரில் வாடகைதாரருக்கு ஒரு கடிதம்: வீடு தகுதியற்றிருக்கும் காலத்துக்கு வாடகை நிறுத்தி வைக்கப்படுகிறது, தீயின் காரணம் பற்றி இரு தரப்பின் உரிமைகளும் அப்படியே இருக்கின்றன. இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதியை மட்டும் அனுப்பியிருந்தால் அது உரிமையை விட்டுக்கொடுத்ததாகப் படிக்கப்படும்.

'சரி தம்பி'

இரண்டாம் நாள் வாடகைதாரர் வாட்ஸ்அப்பில் எழுதினார்: 'சார், அட்வான்ஸ நீங்களே வச்சுக்கங்க. நாங்க காலி பண்ணிடறோம். இதோட முடிச்சுக்கலாம்.' உரிமையாளர் பதில்: 'சரி தம்பி, பாத்துக்கலாம்.'

இரக்கத்தில் போட்ட பதில்தான். ஆனால் கோப்பிலேயே ஆபத்தான வரி அதுதான். காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்தவுடன், சேதம் விளைவித்தவர் மேல் உரிமையாளருக்கு இருந்த உரிமை அந்த நிறுவனத்துக்குப் போகிறது. சப்ரோகேஷன் என்பது அதுதான். பணம் வாங்கும்போது அதற்குத் தனிக் கடிதத்தில் கையெழுத்தும் போட வேண்டும். அதற்கு முன்பே உரிமையாளர் 54,000-க்குக் கணக்கை முடித்துவிட்டால், நிறுவனத்துக்கு மாற்றித்தர அவரிடம் எதுவும் மிச்சமில்லை. அந்த அளவுக்கு க்ளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ நிறுவனத்துக்குக் காரணம் கிடைக்கிறது. ஐம்பதாயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஆறேமுக்கால் லட்சத்தைப் பணயம் வைக்கும் பேரம்.

மறுநாளே திருத்தினார்கள். செய்தியை அழிக்கவில்லை, அழித்தால் சந்தேகம்தான் வளரும். பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: முந்தைய செய்தி எந்தத் தீர்வையும் குறிக்காது, அட்வான்ஸ் கணக்கு வீட்டைக் காலியாக ஒப்படைத்தபின் சட்டப்படி முடிக்கப்படும், காப்பீட்டு நிறுவனத்தின் உரிமைகள் பாதிக்கப்படாது. பிரதி சர்வேயருக்கும் போயிற்று.

அட்வான்ஸில் எதைப் பிடிக்கலாம்? நிறுவனம் கொடுத்த சேதத்துக்கு மறுபடி வாடகைதாரரிடம் பிடித்தால் ஒரே இழப்புக்கு இரட்டை வசூல். அதற்கு இடமில்லை. வயரிங் மேம்பாட்டு ரூ. 35,000 உரிமையாளரின் சொத்தில் நிற்கப் போவது, அதையும் தள்ள முடியாது. இடிபாட்டில் கைவிட்டுப்போன ரூ. 6,540-ஐக் கேட்கலாம்; ஆனால் தவறு யாருடையது என்று நிரூபிக்க வழியில்லாத கோப்பில் அதற்காக வாடகை அதிகாரியிடம் போவது நேர விரயம். மிஞ்சியது மின்கட்டண பாக்கி ரூ. 2,300 மட்டும்.

சட்டப்படி காலி வீட்டைப் பெற்ற ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும். காப்பீட்டு நிறுவனமோ அந்தத் தொகையைத் தன் உரிமைக்குப் பிணையாகப் பார்க்கக்கூடும். எனவே சாவி கைக்கு வந்த வாரமே, அட்வான்ஸைத் திருப்ப ஆட்சேபம் உண்டா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்ததும் ரூ. 51,700 வாடகைதாரர் கணக்குக்குப் போயிற்று. ரசீதில் எழுதியது 'அட்வான்ஸ் கணக்கு மட்டும் முடிந்தது' என்று. 'அனைத்துக் கணக்கும் தீர்ந்தது' என்று அல்ல.

தன் எரிந்த பொருள்களுக்கு உரிமையாளர்தான் ஈடு தரவேண்டும் என்று வாடகைதாரர் வழக்குப் போடும் வாய்ப்பு இன்னும் திறந்தே இருக்கிறது. வயரிங் பொறுப்பு உரிமையாளருடையது என்பதால் அது வெறும் மிரட்டல் அல்ல. வீட்டுப் பாலிசி இந்தப் பொறுப்பை ஏற்காது. அதற்குத் தனிப் பொறுப்புக் காப்பீடு வேண்டும். இந்த வீட்டுக்கு அது இல்லை.

கட்டடம்

கூரையில் கான்கிரீட் பிளந்து உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி தெரிந்தது ஓரிடத்தில்தான், சுமார் ஒன்றேகால் மீட்டருக்கு ஒன்றரை மீட்டர். பொறியாளர் பார்த்தது நிறத்தை. தீயில் கான்கிரீட் சுமார் 300 டிகிரியைத் தாண்டினால் இளஞ்சிவப்பு ஏறும். 600-ஐத் தாண்டினால் சாம்பல் வெளுப்பு. இளஞ்சிவப்பு வந்த ஆழம் வரை வலிமை குறைந்ததாக எடுத்துக்கொண்டு அதைக் கொத்தி எடுப்பதுதான் முறை. எல்லா ஜல்லியும் அப்படி நிறம் மாறாது என்பதால் கான்கிரீட் பரப்பின் கடினத்தைத் தட்டி அளக்கும் ரீபவுண்ட் ஹாமர் வைத்துப் பாதிக்கப்படாத பகுதியோடு ஒப்பிட்டார்கள். சந்தேகமான ஓரிடத்தில் சோதனைக்காக உருளைத் துண்டாகக் கோர் எடுத்தார்கள். மேலே பூசி மறைத்துவிடும் மேஸ்திரி வேலை இங்கே ஆகாது. கம்பிக்கும் தீக்கும் நடுவில் கூரையில் இருப்பது 20 மில்லிமீட்டர் அளவு கான்கிரீட் மட்டும்.

கரியைத் தண்ணீர் விட்டுக் கழுவியதால் ஹால் சுவர்களில் அது ஊறி உள்ளே இறங்கியது. இரண்டு கோட் பெயின்ட்டுக்குப் பிறகும் மஞ்சளாகத் திரும்பி வந்தது. உலர்ந்த ஸ்பாஞ்சால் முதலில் துடைத்து, பிறகு கறை தடுக்கும் பிரைமர் அடித்து, அதன்பின்தான் பெயின்ட் என்று வரிசை போயிருக்க வேண்டும். எரிந்த பி.வி.சி. வெளிவிடும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். எரியாத அறைகளின் சுவிட்ச், சாக்கெட் தொடர்புகளைக்கூட அது அரிக்கும், அதனால் மேல்தளத்தில் அத்தனையும் மாற்றப்பட்டன. சர்வேயரும் இதை ஒப்புக்கொண்டார்.

புதிய வயரிங்கில் ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனி சர்க்யூட், கீசருக்கு 2.5-இல் தனி சர்க்யூட், ஒவ்வொன்றுக்கும் அந்தக் கம்பிக்கேற்ற எம்.சி.பி., மொத்தத்துக்கும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கம்பி உறையின் காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் ஒவ்வொரு சர்க்யூட்டும் குறைந்தது 1 மெகாஓம் காட்டிய பிறகே, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் சோதனை அறிக்கையோடு மின்வாரியத்தில் மறு இணைப்புக்கு மனு. கீழ்வீட்டில் இரண்டு சர்க்யூட் முதல் சோதனையில் தேறவில்லை, குழாய்க்குள் ஈரம். காய விட்டு மறுபடி பார்த்தார்கள்.

பணம் போன வழி

காசோலை உரிமையாளர் பெயருக்கு வரவில்லை. கடன் பாக்கியுள்ள வீட்டுப் பாலிசியில் வங்கிப் பிரிவு இருக்கும். தொகை கடன் கணக்குக்குத்தான் போகும். சும்மா விட்டால் வங்கி அதை அசலில் கழித்துவிடும், வேலைக்குக் காசு இருக்காது. க்ளெய்ம் போட்ட வாரத்திலேயே வங்கிக்கு எழுதி, சீரமைப்பு பில்களின் பேரில் தொகையை விடுவிக்க ஒப்புதல் வாங்கி வைத்திருந்தார்கள். மூன்று தவணையில் வந்தது. ஒப்பந்ததாரருக்குக் கொடுத்தவை எல்லாம் வங்கி வழியாகவே போயின. ரொக்கமாகக் கொடுத்து வெள்ளைத்தாளில் வாங்கிய ரசீதை வங்கியும் ஏற்காது, சர்வேயரும் ஏற்கமாட்டார்.

வேலை முடிய நான்கு மாதம். வீடு பூட்டிக் கிடந்தது. 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் எழுத்தில் தெரிவிக்கச் சொல்லும் பாலிசிகள் பல இருப்பதால், சீரமைப்புக்காகக் காலியாக இருக்கிறது என்று முதலிலேயே அறிவித்து ஒப்புகை வாங்கினார்கள்.

புதிய வாடகைதாரருக்கான ஒப்பந்தம் இந்தமுறை வாடகை அதிகாரியிடம் பதிவானது. கூடுதலாகச் சேர்ந்தவை: ஒவ்வொரு எம்.சி.பி.-யின் அளவும் தெரியும் போர்டு படம், இருவர் கையெழுத்தோடு இணைப்பாக. எழுத்து அனுமதி இல்லாமல் போர்டில் கை வைக்கக் கூடாது. ஏசி, மின்வாகன சார்ஜர் பொருத்துவது உரிமம் பெற்றவர் மூலம், அதற்கென்று இழுத்த சர்க்யூட்டில் மட்டும். குடியிருப்பு தவிர வேறு உபயோகம் கூடாது. தீயால் வீடு தகுதியற்றுப் போனால் சான்று வந்த நாளிலிருந்து வாடகை நிற்கும். வாடகைதாரர் தன் பொருள்களுக்குத் தனிப் பாலிசி வைத்துக்கொள்வார். 24 மணி நேர முன்னறிவிப்போடு ஆண்டுக்கு ஒருமுறை போர்டைப் பார்க்க உரிமையாளருக்கு உரிமை. முன்மொழிவுப் படிவமும் திருத்தப்பட்டது: கீழ்தளம் சொந்த உபயோகம், மேல்தளம் வாடகை.